வட்டக்கச்சியில் ஒரு மோட்டரின் விலை

2023 நவம்பரில் அம்மாவோடு இலங்கையின் வட்டக்கச்சிக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்தில், கிளிநொச்சி நகரத்துக் கடையொன்றில் பிளாஸ்டிக் வாளி ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு, அது மலிவா கூடுதலா என்று சொல்லத் தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். என் பெற்றோர் 1990 இல் படகேறி இராமேஸ்வரம் போனவர்கள். நான் 1994 இல் தமிழ்நாட்டின் கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் பிறந்தவள். என் பத்திரங்களில் எழுதியிருந்த நாட்டை முப்பதை எட்டும் வயதில்தான் முதன்முதலாகக் கண்டேன். மொழி என்னுடையது, உறவுகள் என்னுடையவர்கள். ஆனால் எந்தப் பொருள் எவ்வளவு பெறும் என்ற அறிவு மட்டும் என்னிடம் இருக்கவில்லை.

தமிழ்நாட்டில் எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை இவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். அதற்குக் கீழே எவ்வளவு குறைப்பார்கள் என்பதுதான் எங்கள் பேச்சாக இருக்கும். இங்கே வந்த புதிதில், கேட்ட விலையை நான்கால் வகுத்து இந்திய ரூபாயாக்கிப் பார்ப்பேன். அது உதவவில்லை. தேங்காய்க்கு ஒரு விகிதமும் மின்விசிறிக்கு வேறொரு விகிதமும் வந்தன. அத்துடன் நான் இனிச் சம்பாதிக்கப் போவது இந்த நாட்டு ரூபாயில்தான் என்பதால், அந்த வகுத்தல் எனக்கு எதையும் சொல்லவில்லை. கடைப் பலகைகளில் இருந்த 'விலைக்கழிவு' என்ற சொல்லே தள்ளுபடியைத்தான் குறிக்கிறது என்று விளங்கிக்கொள்ள எனக்குச் சில நாட்கள் ஆயின. நான் வளர்ந்த ஊரில் கழிவு என்றால் வேறு பொருள்.

விலை கற்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் ஆசிரியர் மாமாவின் மகனுடைய பழைய போன்தான். இரவில் இணையச் சந்தைகளைத் திறந்து, வாளி, கேத்தல், மின்விசிறி, நுளம்பு வலை என்று எங்களுக்குத் தேவையான ஒவ்வொன்றையும் தேடி, நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் மூன்று நிரல்கள் கீறி எழுதத் தொடங்கினேன். முதலாவது இணைய விலை, இரண்டாவது கிளிநொச்சி நகரத்து விலை, மூன்றாவது எங்கள் சந்திக் கடையின் விலை. வாங்குவதற்காக அல்ல, கேட்கும் விலை நியாயமானதா என்று அறிவதற்காகவே எழுதினேன். அந்தக் கொப்பி இல்லாமல் நான் நகரத்துக்குப் போனதில்லை.

அதன் தேவையை எனக்கு உணர்த்தியது ஒரு மின்விசிறி. நகரத்தில் ஒரு மின்சாரப் பொருட் கடையில், விலை ஒட்டப்படாத மின்விசிறி ஒன்றைக் காட்டி என்ன விலை என்று கேட்டேன். என் பேச்சைக் கேட்டவுடனேயே, "இந்தியாவிலை இருந்து வந்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டு, 11,000 ரூபாய் என்றார்கள். மறுநாள் அதே கடையில் அதே விசிறிக்கு என் மச்சானிடம் 9,500 என்று சொன்னார்கள். இரண்டு விலைக்கும் நடுவில் இருந்தது என் பேச்சு மட்டுமே. இது என்னை மிகவும் நோகடித்தது; முப்பது ஆண்டுகளாக அகதி என்ற பெயரோடு வாழ்ந்துவிட்டுச் சொந்த ஊருக்கு வந்தவளிடம், நீ வெளியாள் என்று சொல்வதற்கு 1,500 ரூபாய் போதுமாக இருந்தது. திரையில் இருக்கும் விலைக்கு என் பேச்சு கேட்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே இணைய விலையை நான் இன்றும் மதிக்கிறேன். விலையை வாடிக்கையாளர் காணும்படி காட்சிப்படுத்த வேண்டும் என்பதும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்பதும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் உள்ளவையே. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கமும் இருக்கிறது. புதிதாக வந்து குடியேறுபவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆனால் திரை விலை முழு விலையும் அல்ல என்பதை நான் மெதுவாகத்தான் கற்றேன். 290 ரூபாய்க்கு வாங்கிய அகப்பைத் தொகுதிக்குக் கொண்டுவந்து தரும் கூலி அதன் விலையையே தாண்டியது. பாரமான பொருளுக்கு அந்தக் கூலி நிறைக்கேற்ப ஏறும். வெவ்வேறு விற்பனையாளர்களிடம் மூன்று பொருள் எடுத்தால் மூன்று கூலி. பொதியோடு வரும் பையன் நகரத்தில் நின்றுகொண்டு, "வட்டக்கச்சியிலை எவடம்?" என்று கேட்பான். கோயிலையும் மதகையும் அடையாளமாகச் சொல்லி முடிக்க, "சந்திக்கு வாங்கோ அக்கா" என்பான். வெயிலில் நடந்துபோய்க் காசைக் கொடுத்துப் பொதியை வாங்க வேண்டும். அளவு பிழைத்த செருப்பு ஒன்றை ஏழு நாட்களுக்குள் திருப்பி அனுப்ப நகரத்துக்குப் போய்வந்த பேருந்துக் காசும் ஒரு நாள் தையல் வேலையும் அந்தச் செருப்பின் விலையில் சேர்ந்தவைதான். ஆகவே கொப்பியில் நான்காவது நிரல் ஒன்றைக் கீறினேன். அதன் தலைப்பு 'வீட்டுக்கு வந்து சேர்ந்த விலை'.

கோடு போட்டு வெட்டிய விலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையச் சந்தைகள் நவம்பர் 11 ஆம் திகதியை ஒட்டி நடத்தும் பெரிய விலைக்கழிவு விற்பனைக்கு மூன்று வாரம் முன்பிருந்தே, 2024 இல், ஒரு விசிறியின் விலையை நாள்தோறும் குறித்துவந்தேன். முதலில் 8,400 என்று இருந்தது. விற்பனைக்கு ஐந்து நாள் முன்பு 12,500 ஆக ஏறியது. அன்றைய தினம் 12,500 ஐ வெட்டிவிட்டு 7,990 என்று காட்டினார்கள். பார்ப்பவருக்கு 4,510 ரூபாய் மிச்சம் போலத் தோன்றும். என் கொப்பியின்படி மிச்சம் 410 ரூபாய். வெட்டிய விலையைப் பார்க்காமல், நீங்களே எழுதி வைத்த விலையைப் பாருங்கள். கடைகளிலும் இதைப் போன்றது நடந்தது: 2024 ஜனவரி 1 ஆம் திகதி பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது, டிசம்பரில் நான் கண்டு குறித்திருந்த அதே தூசி படிந்த பெட்டிகளின் மேல் புதிய விலை ஒட்டப்பட்டிருந்தது.

இனி மோட்டர். எங்கள் காணியில் பழைய கிணறு ஒன்று உண்டு. அம்மாவால் தண்ணீர் அள்ள முடியாது. அரைக் குதிரைவலு மோட்டர் ஒன்று இணையத்தில் 14,900 ரூபாய். 35 மீற்றர் உயரத்துக்கு நீர் ஏற்றும் என்று எழுதியிருந்தது. கிளிநொச்சிக் கடையில் அதே வலுவுள்ள மோட்டர் 18,500. கொப்பியைப் பார்த்தால் முடிவு தெளிவாகவே இருந்தது. ஆனாலும் ஒரு தடவை கடைக்காரரோடு பேசிப் பார்ப்போம் என்று போனேன். அவர் விலையைச் சொல்வதற்கு முன் கேட்டது இது: "கிணறு எத்தனை அடி தங்கச்சி? ஆவணியிலை தண்ணி எவடத்திலை நிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மாமாவிடம் கேட்டேன். மாரியில் கை எட்டும் தூரத்தில் நிற்கும் நீர், இரணைமடுக் குளத்து வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய பின் ஆவணி, புரட்டாதியில் முப்பது அடிக்கும் கீழே போய்விடும் என்றார். மேலே வைக்கும் மோட்டர் நீரை உறிஞ்சுவது காற்றழுத்தத்தின் துணையால். அதனால் எவ்வளவு வலுவுள்ள மோட்டராக இருந்தாலும், நடைமுறையில் ஏழெட்டு மீற்றருக்கு, அதாவது 25 அடியளவுக்குக் கீழிருந்து உறிஞ்ச அதனால் இயலாது. இணையத்தில் எழுதியிருந்த 35 மீற்றர், உறிஞ்சிய நீரை மேலே தள்ளும் உயரம். பொய்யாக எதையும் எழுதவில்லை. எனக்குத் தேவையானதை எழுதவில்லை, அவ்வளவுதான். அந்த மோட்டரை வாங்கிக் கிணற்றுக் கட்டில் வைத்திருந்தால், தண்ணீர் மிகவும் வேண்டிய இரண்டு மாதங்களில் அது வெறுமனே இரைந்துகொண்டு நின்றிருக்கும். கிணற்றுக்குள் பத்தடி கீழே ஒரு தட்டு அமைத்து அதன் மேல் மோட்டரை வைக்கும்படி கடைக்காரர் சொன்னார்.

பிறகு போனை நீட்டி, அந்த விலையை அவருக்குக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. உறிஞ்சு குழாயின் அடியில் பூட்டும் கால் வால்வும் பொருத்தும் கூலியும் சேர்த்து 17,500 க்குத் தருவதாகச் சொன்னார். நான் நான்காம் நிரலை அவர் முன்னாலேயே நிரப்பினேன்: இணைய மோட்டர் 14,900, கொண்டுவரும் கூலி 1,150, கால் வால்வு 900, பொருத்துபவருக்கு 1,500, ஆக மொத்தம் 18,450. உத்தரவாதத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை. இணையத்தில் வாங்கியது பழுதானால் பெட்டி கட்டிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இவரிடம் வாங்கினால் கொண்டுபோய் மேசையில் வைக்கலாம். கடையில் வாங்கினேன். ஆயினும் அந்தத் திரை விலை என் கையில் இல்லாதிருந்தால் 18,500 தான் கொடுத்திருப்பேன், பொருத்தும் கூலி வேறு.

தையல் மெசினின் பொபின் பெட்டிக்கு நேர் எதிர்மாறாக நடந்தது. நகரத்தில் இல்லை, யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்துத் தர மூன்று கிழமை ஆகும் என்றார்கள், சொன்ன விலையும் இணையத்தின் இரு மடங்கு. இணையத்தில் எடுத்தேன்; ஐந்து நாளில் வந்தது. சிறியது, பாரமற்றது, மாதிரி இலக்கம் தெரிந்தது என்றால் நான் இப்போது கடைக்குப் போவதில்லை.

சந்திக் கடைக்கு மட்டும் கொப்பியைக் கொண்டுபோகக் கூடாது என்பது மாமியின் கட்டளை. அங்கே சிலவற்றுக்கு நகரத்தைவிடப் பத்து, இருபது ரூபாய் கூட. நான் அதைச் சொன்ன அன்று மாமி தையல் மெசினுக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு சொன்னார்: "பிள்ளை, தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடை நேரம், சாமான் இருக்கோ எண்டுதான் கேட்டனாங்கள், விலை கேக்கேல்லை. சவுக்காரம், பற்றறி, மண்ணெண்ணெய் ஒண்டும் வராது. ஜாம் போத்தலிலை விளக்குக் கொளுத்தித்தான் உன்ரை மச்சான் படிச்சவன். இருபத்திரண்டாம் ஆண்டு அரிசி விலை ஏறி நிண்டபோது, அந்தக் கடைக்காரர்தான் கொப்பியிலை எழுதிப்போட்டுத் தந்தவர்."

2002 இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்து, 2006 ஓகஸ்ட்டில் மீண்டும் மூடப்பட்ட காலங்களை அவர் விலைகளாலேயே நினைவு வைத்திருக்கிறார். அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன், ஒரு வரம்போடு: பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க மாட்டேன். கடன் தருவதற்குரிய பத்து ரூபாயை மனதாரக் கொடுப்பேன். அந்தக் கடைக்காரர் அச்சிட்ட விலையைத் தாண்டியதும் இல்லை.

சென்ற மாதம் மண்டபம் முகாமிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் வீதிக்கு வந்தது. அந்த அக்கா, நான் ஒரு காலத்தில் பேசிய அதே பேச்சில், இணையத்தில் கண்ட மோட்டர் ஒன்றைப் போனில் காட்டி, இந்த விலை சரியா என்று கேட்டார். கொப்பியை எடுக்கப் போனவள் திரும்பி வந்து, அவர்களுடைய கிணறு எத்தனை அடி என்று கேட்டேன்.