மாஸ்டரின் சி.ஆர். கொப்பி

தமிழ் மாஸ்டர் காலமான செய்தி லண்டனுக்கு வந்ததிலிருந்து எல்லோரும் அவரை நாவலாசிரியராகவே நினைவுகூர்கிறார்கள். அது சரிதான். அந்த நாவல்கள் எங்கிருந்து ஊறின என்பதை, பள்ளி வாசிகசாலையைப் பூட்டும் பொறுப்பில் இருந்த நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

கடைசி மணி அடித்து எல்லோரும் மைதானத்துக்குப் போன பிறகு வருவார். ஜன்னலோரம் உட்கார்ந்து சங்கப் பாட்டுகள் படிப்பார். அதிலும் மிருகங்கள் வரும் பாட்டுகள் மட்டும். பிடியின், அதாவது பெண் யானையின், பசி தீர்க்க யா மரத்தின் பட்டையை உரிக்கும் குறுந்தொகை வேழம். கன்று கலக்கிய சிறிதளவு நீரைப் பிடிக்கு ஊட்டிவிட்டுப் பிறகே தான் குடிக்கும் கலித்தொகைக் களிறு. 1887இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்த சி.வை. தாமோதரம்பிள்ளை நம்முடைய சிறுப்பிட்டிக்காரர் என்று சொல்லும்போது மட்டும் குரல் சற்று உயரும்.

வகுப்பில் இவற்றை அவர் தொட்டதே இல்லை. ஏன் மிருகங்கள் மட்டும் என்று ஒருநாள் கேட்டேன். குறுந்தொகை 69ஆம் பாட்டைத் திறந்தார். கடுவன், அதாவது ஆண் குரங்கு, இறந்துவிடுகிறது. மந்தி, இன்னும் தன் தொழில் பழகாத குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. இரவில் வராதே என்று தலைவனிடம் தோழி சொல்வதற்குத்தான் இத்தனையும். குட்டியைச் சேர்க்கும் அடியின் கீழே மாஸ்டரின் விரல் நின்றது. சாகப் போகிற மந்திக்கும் ஒரு வேலை பாக்கி இருந்தது, புலவர் அதைக் கண்டுவிட்டார் என்றார். துயரத்தை எழுத உட்கார்ந்தால் துயரப்படும் மனிதனின் கை என்ன செய்கிறது என்றுதான் முதலில் பார்ப்பாராம். அவருடைய பாத்திரங்கள் அழுவது அரிது. மாட்டை அவிழ்ப்பார்கள், கிணற்றுக் கயிற்றை மாற்றுவார்கள். நாம் அழுதது அந்த இடங்களில்தான்.

1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். அடுத்த கிழமை மாஸ்டர் ஒரு சி.ஆர். கொப்பியோடு, அதாவது தடித்த அட்டை போட்ட பெரிய நோட்டுப் புத்தகத்தோடு வந்து, மனத்தில் இருந்த பாட்டுகளை எழுதத் தொடங்கினார். பாட்டு கறுப்பு மையில். ஓரத்தில் சிவப்பில் மிருகத்தின் பெயரும் அது செய்யும் செயலும்: உரிக்கிறது, ஊட்டுகிறது, சேர்க்கிறது. உரை என்று ஒரு வரி கிடையாது.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு பல வீடுகளில் நடந்தது எங்கள் வீட்டிலும் நடந்தது. அம்மா என்னை லண்டனில் மாமாவிடம் சேர்ப்பித்தார். பொறியியல் படித்தேன், குறையில்லாமல் வாழ்கிறேன். மாஸ்டரின் பிந்திய நாவல்கள் தபாலில் வந்தன. கொப்பியின் எந்தப் பக்கம் எந்த அத்தியாயத்துக்குள் போகிறது என்று அவர் பக்கத்தில் இருந்து பார்க்கும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. வயது ஏற ஏற அந்தக் குறை பெரிதாகிக்கொண்டே வருகிறது.

கொப்பி இப்போது அவருடைய மகளிடம் இருக்கிறது. சில பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டதாம். எஞ்சியவற்றையாவது நம் சங்கம் உடனே படியெடுத்து, ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சேமித்துவைக்கும் நூலக நிறுவனத்தின் மின்னூலகத்தில் சேர்க்க ஆவன செய்ய வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கான செலவை நான் ஏற்கிறேன்.