2030 குறிஞ்சி வரை திறக்க வேண்டிய தளம்: இதுவரை செய்தது

கொடைக்கானல் சரிவுகளில் குறிஞ்சி பெருவாரியாகப் பூத்தது 2018-ல். அடுத்த முறை 2030. பூம்பாறைப் பக்கத்து வீட்டுத் தோட்டம் ஒன்றின் மழையளவு, செடிகள், மேகம் இறங்கிய நாள்கள் ஆகியவற்றைப் பதிந்துவைக்கும் இந்தத் தனித்தளத்துக்கு வைத்த நிபந்தனை ஒன்றே: இன்று எழுதும் பக்கத்தை இடையில் யாரும் தொடாவிட்டாலும், 2030-ல் அது அப்படியே திறக்க வேண்டும்.

இது நடக்கக்கூடியதுதான். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் 1991-ல் வைத்த முதல் தளத்தின் பக்கங்களை இன்றைய போன் உலாவி சிரமமில்லாமல் காட்டுகிறது. அவை வெறும் எச்டிஎம்எல், அதாவது வலைப்பக்கம் எழுதும் அடிப்படைக் குறிமொழி. தமிழில் நமக்கு வேறு அனுபவமும் உண்டு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பக்கத்தை அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால், ‘அம்மா’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். 1994-ல் தொடங்கிய, இலவசமாகத் தளம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை யாகூ 2009-ல் மூடியபோது பக்கங்களில் குறை எதுவும் இல்லை, அவை இருந்த இடம்தான் போனது. ஆகவே வெறும் எச்டிஎம்எல், எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை, சொந்த முகவரி, வீட்டில் ஒரு பிரதி. வேர்ட்பிரஸ் முதலிலேயே விலக்கப்பட்டது. நல்ல மென்பொருள்தான், ஆனால் மாதாமாதம் அப்டேட் கேட்கும்.

கோப்புறையும் பெயர்களும்

முகப்பு, மழை, செடி என்று மூன்றே பிரிவு. மழைக்கு ஆண்டுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் மாதத்துக்கு ஒரு பக்கம். முகவரி மாறக் கூடாது என்று பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவைத்திருக்கிறார். அதனால் தலைப்பும் வகையும் முகவரிக்குள் வரவில்லை, ஆண்டும் மாதமும் மட்டுமே. தலைப்பை நாளை திருத்தத் தோன்றும், தேதியைத் திருத்தத் தோன்றாது.

முகவரியைத் தமிழில் வைக்க ஆசை இருந்தது. யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாக விரியும். எழுத்து, புள்ளி, துணைக்குறி எல்லாம் தனித்தனியாக எண்ணினால் ‘பூம்பாறை’யில் 8 குறிகள், ஆக 72 எழுத்து! கோப்புப் பெயர்கள் ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே நின்றன.

சிற்றெழுத்து என்பதில் கண்டிப்பு தேவை. கேமரா கொடுக்கும் ‘ஜேபிஜி’ பின்னொட்டு பெரும்பாலும் பேரெழுத்தில் இருக்கும். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பதால் வீட்டுக் கணினியில் படம் தெரியும். தளம் இருக்கும் லினக்ஸ் செர்வருக்கு அவை வேறுவேறு கோப்புகள், ஏற்றியதும் படம் இருந்த இடம் காலியாகிவிடும். முதல் முறை ஏற்றுகிறவர்களிடம் ‘படம் வரவில்லை’ என்ற புகார் கேட்டால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ் ஒழுங்காகத் தெரிய

எழுத்துகள் எந்த வடிவில் உள்ளன என்று உலாவிக்குச் சொல்லும் சார்செட் வரி கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தலைப்பகுதியின் முதல் வரியாகவே எழுதிவிட்டால் கவலை இல்லை. பக்கத்தைத் திரை அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரி விடுபட்டால் போனில் எழுத்து எறும்பளவு ஆகிவிடும்.

எழுத்துருவை இறக்கவே வேண்டாம் என்று முடிவானது. விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ்ச் சங்கம் ஏற்கெனவே இருக்கின்றன. பெருமாள்மலைத் திருப்பத்தில் ஒரே கோடு சிக்னலில் பார்ப்பவருக்கு எழுத்துரு இறங்கும்வரை வெற்றுப் பக்கம் காட்டுவது நியாயமில்லை. அழகுக்காக முக்தா மலர் போன்ற எழுத்துரு ஒன்றை வைத்தே தீர வேண்டும் என்பவர்கள், ஃபான்ட்டூல்ஸ் என்ற கருவி கொண்டு அதன் கோப்பு அளவைக் குறைக்கும்போது எழுத்துச் சேர்க்கை விதிகளை வெட்டிவிடாமல் பார்க்க வேண்டும். அவை போனால் ‘கு’ என்பது க-வும் தனியே நிற்கும் உகரக் குறியுமாக உடையும்.

எழுத்தளவு 18 பிக்சல், வரி உயரம் 1.7. ஆங்கிலத்துக்குப் போதுமான 1.4 வைத்தால் மேல்வரியின் ‘ழு’ வாலும் கீழ்வரியின் ‘றி’ கொக்கியும் முட்டுகின்றன. இருபக்கமும் சமன் செய்யக் கூடாது. தமிழ்ச்சொல் நீளம் என்பதால் போனில் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும், நடுவே பள்ளம் விழும். சாய்வெழுத்து நமக்கு மரபில்லை. உலாவி நேர் எழுத்தையே இழுத்துச் சாய்த்துவிடுகிறது. அதனால் அழுத்தம் வேண்டிய இடத்தில் சாய்வை நீக்கித் தடிமன் மட்டும்.

இன்னொரு நுண்ணிய பிழை: ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கோப்புகளுக்குள் தேடும்போது ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. ஏற்றுவதற்கு முன் பைத்தான் நிரல்மொழியின் நார்மலைஸ் கட்டளையில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு எல்லாக் கோப்பையும் ஒருமுறை ஓட்டினால் சரியாகும். ‘ஔ’வுக்கு ஒகரத்தோடு ளகரத்தைத் தட்டியிருந்தால் அது திருத்தாது, கையால்தான் பிடிக்க வேண்டும்.

படங்கள்

நீளப்பக்கம் 1200 பிக்சல், வெப்பி என்ற பட வடிவம், தரம் 75. படத்தைச் சுருக்கும் கருவி ஸ்குவூஷ், உலாவிக்குள்ளேயே ஓடும். மலைப் படங்களில் ஒரு சங்கதி: பூண்டுப் பாத்தியும் புல்வெளியும் நுணுக்கம் நிறைந்தவை, கோப்பு பெருக்கும். மூடுபனிப் படம் அதே தரத்தில் மிகச் சிறிதாகிவிடும், ஆனால் பனியின் மெல்லிய நிறமாற்றம் பட்டை பட்டையாக உடையும். பனிக்கு மட்டும் தரத்தை 85-க்கு ஏற்றினால் போதும், அப்போதும் பூண்டுப் பாத்தியைவிடச் சிறிய கோப்புதான்.

ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் வந்து இறங்கும்போது படித்துக்கொண்டிருக்கும் வரி கீழே ஓடிவிடும். போன் படத்துக்குள் வீட்டின் ஜிபிஎஸ் இடம் ஒளிந்திருக்கும், எக்சிஃப்டூல் என்ற கருவியில் பார்த்து நீக்கிய பிறகே ஏற்ற வேண்டும்.

மழை அட்டவணை

வானிலைத் துறையின் வழக்கப்படி காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை ஒரு நாள். மழை இல்லையென்றால் 0, அளக்காவிட்டால் கோடு. இரண்டையும் கலந்தால் ஆண்டுக் கூட்டல் பொய்யாகிவிடும். இதே தரவு, காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்பாகவும் கிடைக்கிறது. எக்செலில் தமிழ்த் தலைப்புகள் சிதையாமல் இருக்க அந்தக் கோப்பின் தொடக்கத்தில், யூனிகோட் என்று காட்டும் பிஓஎம் குறி வேண்டும்.

வரைபடத்துக்கு எஸ்விஜி (படத்தை எழுத்தாலேயே விவரிக்கும் வடிவம்), மி.மீ.க்கு 2 அலகு உயரம். எஸ்விஜியில் உயர அச்சு மேலிருந்து கீழே எண்ணப்படுகிறது. மொத்த உயரத்திலிருந்து கழிக்க மறந்தால் ஐப்பசி அடைமழை கூரையிலிருந்து தொங்கும். அதைத் திருத்தி, ஐப்பசியும் கார்த்திகையும் நீலக் கம்பங்களாக எழுந்து நின்றதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

அதைவிட மகிழ்ச்சி தந்தது மூன்றே வரி சிஎஸ்எஸ், அதாவது பக்கத்தின் அலங்காரத்தைச் சொல்லும் மொழி. மேகம் இறங்கிய நாளின் பதிவுக்கு ‘பனி’ என்று ஒரு வகுப்பு (அந்தப் பகுதிக்கு மட்டும் அலங்காரம் சேர்க்க வைக்கும் பெயர்), பின்னணி வெளிர்சாம்பல், படங்களின் ஓரம் மங்கல். எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் கீழே போகாமல் சரிபார்த்தாயிற்று. பெரும்பாலான சமூக வலைத்தளங்களில் ஒரு நாளுக்கு மட்டும் பக்கத்தின் நிறத்தை மாற்ற விடமாட்டார்கள். இங்கே மாற்றலாம்!

துணைக்கு நின்றவை

சந்தேகம் எதுவானாலும் முதலில் எம்டிஎன் என்ற இணைய நுட்பக் கையேடு. புது வசதி பழைய போனில் ஓடுமா என்பதற்கு ‘கேன் ஐ யூஸ்’ தளம். மூடாத எச்டிஎம்எல் குறிகளைப் பிடிக்க, இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் சரிபார்ப்பி. 2003-ல் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டனை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்: ஒரே எச்டிஎம்எல், அலங்காரம் மட்டும் நூறு விதம். பிறர் கையால் கட்டிய சிறு தளங்களைக் கண்டுபிடிக்க வைபி, மார்ஜினாலியா என்ற இரு தேடுபொறிகள். பிடித்த பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்ப்பதுதான் நல்ல பாடம். கோலப் புள்ளியை எண்ணிக் கற்பது போலத்தான்.

முகவரியும் பிரதியும்

தளம் இருப்பது, பக்கங்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில், இலவசம். டொமைனை (தளத்தின் சொந்தப் பெயரை) கிட்ஹப் செர்வர்களோடு இணைக்கும் ‘ஏ பதிவு’களுக்கு 185.199.108.153-ல் தொடங்கி 111.153 வரை நான்கு எண்கள். டாட் காம் பெயரை ஒரே தடவையில் 10 ஆண்டுக்குப் பதியலாம், 2030-க்கு அது தாராளம். தானியங்கிப் புதுப்பிப்பை மட்டும் நம்புவது ஆபத்து, அதற்குள் வங்கி அட்டை காலாவதியாகியிருக்கும். கோப்புறை முழுதும் ஒரு பென்டிரைவில், ஒவ்வொரு பக்கமும் இணைய ஆவணகத்தின், பக்கங்களின் பழைய நகல்களைச் சேமிக்கும் வேபேக் மெஷினில்.

மீதமிருப்பது ஆர்எஸ்எஸ் ஓடை, அதாவது புதுப் பதிவுகளை வாசிப்பான் செயலிகளுக்குத் தெரிவிக்கும் கோப்பு. தேதியில் கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கத்திலும் நேர மண்டலம் +0530 என்றும் இருக்க வேண்டும், தமிழில் எழுதினால் வாசிப்பான்கள் தேதியைப் புரிந்துகொள்ளாது. ஒவ்வொரு பதிவின் அடையாளக் குறியும் ஒருமுறை எழுதியபின் மாறக் கூடாது. மாறினால் பழைய மழையெல்லாம் புது மழையாக வாசிப்பவர் பெட்டியில் மறுபடி கொட்டும். அந்தக் குறிக்குப் பக்கத்தின் முகவரியே போதும் என்று தீர்மானித்து, முதல் 12 மாதப் பக்கங்களுக்கு ஓடை எழுதும் வேலை நடக்கிறது.