பாஸ்போர்ட்டின் கடைசி இரண்டு வரிகள்

நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் இமிகிரேஷன் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, ஒருவழியாக என் முறை வந்தபோது, அதிகாரி என் பாஸ்போர்ட்டைக் கருவியின் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தார். திரையில் எதுவும் வரவில்லை. துணியால் துடைத்து மறுபடி வைத்தார். மூன்றாம் முறை விரலால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். பிறகு புகைப்படம் உள்ள பக்கத்தை என் பக்கம் திருப்பி, அடியில் ஓரிடத்தை நகத்தால் சுட்டினார். ஈரம் பட்டு மேலுறை உப்பியிருந்த மூலையில் இரண்டு எழுத்துகள் மங்கிப் போயிருந்தன. பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்தும், அந்த மூலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்தப் பக்கத்தின் அடியில் வரிக்கு 44 எழுத்துகளாக அச்சிடப்படும் இரண்டு வரிகள் கருவி படிப்பதற்காகவே உள்ளவை; சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980-இல் முதன்முதலாக வெளியிட்ட தரநிலையிலிருந்து வந்தவை. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். முன்னுள்ள எழுத்துகளின் மதிப்புகளை 7, 3, 1 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, 10-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. ஓர் எழுத்து தவறாகப் படிக்கப்பட்டால் பெரும்பாலும் கணக்கு இடித்துவிடும். சிப் உள்ள பாஸ்போர்ட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: சிப்பைத் திறக்கும் சாவி பொதுவாக இந்த வரிகளிலிருந்தே உருவாக்கப்படுவதால், வரி மங்கினால் நல்ல நிலையில் இருக்கும் சிப்பும் வாய் திறக்காது.

என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். பாஸ்போர்ட் அவர்களிடமே இருந்தது. ஏன் உட்கார்ந்திருக்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கிருந்த ஏழெட்டுப் பேரில் எவருக்கும் தெரியவில்லை. என் அருகே ஒரு மூதாட்டி, மகனின் தொலைபேசி எண் எழுதிய காகிதத்தை நான்காக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் காகிதம் கிழியத் தொடங்கியிருந்தது. எங்கே தங்கப்போகிறார் என்ற கேள்விக்கு முகவரி சொல்லத் தெரியாததுதான் அவர் அங்கே இருந்ததற்குக் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. விசா என்பது நுழைவு கோரும் அனுமதிதான், உள்ளே விடுவதை முடிவு செய்பவர் எல்லையில் இருக்கும் அதிகாரியே என்பதைப் பயணம் புறப்படும் எவருக்கும் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தங்குமிட முகவரியும் திரும்பும் டிக்கெட்டும் அழைத்தவரின் எண்ணும் அச்சிட்ட தாளில் கைப்பையில் இருந்தால், அந்த அறைக்குப் போகும் வாய்ப்பே குறையும். செல்பேசியில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீர்ந்த நேரத்தில் அவை உதவாது.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த வேறோர் அதிகாரி, ஒவ்வொருவரிடமும் நின்று, என்ன சரிபார்க்கிறார்கள், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று இரண்டே வாக்கியங்களில் சொன்னார். அறையின் இறுக்கம் அப்போதே தளர்ந்தது. சோதனை அவர்களுடைய கடமை. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களை முதல் ஐந்து நிமிடங்களிலேயே சொல்லியிருந்தால், அந்த அம்மாவின் கை அப்படி நடுங்கியிருக்காது.

அவரை முதலில் அழைத்தார்கள். மகனிடம் தொலைபேசியில் பேசி முகவரியை உறுதி செய்துகொண்டு அனுப்பிவைத்தார்கள். அடுத்து என் விவரங்களைக் கையால் தட்டச்சு செய்து, கைரேகை பதிந்து, முத்திரை குத்தினார்கள். கவுண்டரை விட்டு நகருமுன் முத்திரையில் உள்ள தேதியைப் படித்துப் பார்த்தேன், ஏனென்றால் விசா செல்லுபடியாகும் நாளும் தங்க அனுமதித்த நாளும் வேறு வேறாக இருக்கலாம், பிழை இருந்தால் திருத்த அதைவிட எளிதான இடம் வேறில்லை. திரும்பி வந்த வாரமே புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். பழையதில் இன்னும் மூன்று ஆண்டுகள் மீதமிருந்தன.