பல்கலைக்கழக ஊழியர் நலத்திட்டத்தில் உதவி கேட்டுப் போன அனுபவம்

நிதி நெருக்கடி என்று காலியிடங்களை நிரப்பாமல் விட்டதில், எங்கள் துறை அலுவலகத்தில் நாலு பேர் பார்த்த வேலை இரண்டு பேர் தலையில் விழுந்தது. கட்டண பாக்கியோ மதிப்பெண் குளறுபடியோ, மாணவர்கள் முதலில் வந்து அழுவதும் கத்துவதும் எங்கள் கவுண்டரில்தான். எங்கள் நலனுக்காக நிர்வாகம் செய்தது, மதிய இடைவேளையில் இணையவழி மூச்சுப்பயிற்சி. அந்த நேரத்தில்தான் கவுண்டரில் கூட்டம் அதிகம் என்பது வேறு விஷயம். தூக்கம் கெட்டு, தினமும் எடுக்கும் ஃபைலை எங்கே வைத்தோம் என்றே தெரியாமல் நிற்க ஆரம்பித்த பிறகு, ஊழியர் நலத்திட்டத்தில் உதவி கேட்டேன்.

மனநல ஆலோசனை சுலபமாகக் கிடைத்தது. போன் செய்தேன், நேரம் கொடுத்தார்கள், பேசியவரும் பொறுமையானவர். அதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். விஷயம் தெரிந்ததும் துறைத் தலைவர், "நானே ரெஃபர் பண்றேன்மா" என்று ஒரு படிவத்தை நீட்டினார். அக்கறையில்தான் சொன்னார். ஆனால் படிவத்தின் அடியில், நான் ஆலோசனைக்குப் போகிறேனா என்பதையும் ஆலோசகரின் பரிந்துரைகளையும் மனிதவளப் பிரிவுக்குத் தெரிவிக்கச் சம்மதம் கேட்டிருந்தது. கையெழுத்துப் போடாமல் நானாகவே போன் செய்து சேர்ந்தேன். அப்படிச் சேர்ந்தால் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டுமே நிர்வாகத்துக்குப் போகும், பெயர் போகாது என்றார்கள். இடத்துக்கு இடம் விதி மாறலாம் என்பதால் முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் ரகசியம் காக்க முடியாது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வேலைப்பளுவைக் குறைக்கக் கேட்டபோதுதான் உண்மையான கூத்து. மருத்துவர் சான்றிதழில் 'பர்ன்அவுட், ஓய்வு தேவை' என்று எழுதியிருந்தார். பர்ன்அவுட் என்றால் வேலை அழுத்தத்தால் ஓய்ந்துபோவது. மனிதவளப் பிரிவு எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு, பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "இது நோயே இல்லையே மேடம், இதுக்கெல்லாம் சலுகை கிடையாது" என்று திருப்பிக் கொடுத்தார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி சரி. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐசிடி-11 நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டை வேலை சார்ந்த ஒரு நிலையாகத்தான் சேர்த்தது, நோயாக அல்ல. ஆனால் அதே விளக்கத்தில், பணியிடத்தில் நீடிக்கும் அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததன் விளைவு இது என்றும் இருக்கிறது. அழுத்தம் கொடுத்த இடமே, இது நோய் இல்லை என்று மனுவைத் தள்ளுகிறது!

மறுபடியும் மருத்துவரிடம் போனேன். அவர் விரிவாகப் பரிசோதித்து, தான் கண்டறிந்த பிரச்சினையை அதற்குரிய பெயரோடு எழுதினார். அதைவிட உதவியாக இருந்தது அடுத்த பத்தி: கவுண்டர் பணி அரை நாள் மட்டும், அலுவலக நேரத்துக்குப் பிறகு போனும் மெயிலும் கூடாது, மறுபரிசீலனை இந்தத் தேதியில். 'ஓய்வு தேவை' என்று மட்டும் இருந்தால் விடுப்புதான் கிடைக்கும்; திரும்பி வரும்போது வேலை அத்தனையும் மேசையில் குவிந்து கிடக்கும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதலையும் மனுவோடு இணைத்தேன். தனிநபருக்குப் பயிற்சி கொடுப்பதோடு நிற்காமல், வேலை நடக்கும் விதத்தையும் மாற்ற வேண்டும் என்கிறது அது. இந்த முறை எழுத்தர் வாயே திறக்கவில்லை, சீல் குத்தி வாங்கிக்கொண்டார்.

அனுமதி வந்தது. ஆனால் 'மாற்று ஏற்பாடு' என்ற கட்டம் காலியாகவே இருந்தது. அப்படியே விட்டிருந்தால் என் பாதி வேலையும் பக்கத்து மேசை அக்கா தலையில்தான் ஏறியிருக்கும். அவரே மாத்திரை போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து, எந்த வேலையை யாருமே செய்யாமல் நிறுத்தலாம் என்று ஒரு பட்டியல் போட்டோம். துறைத் தலைவரிடம், "இதில் டிக் மட்டும் பண்ணுங்க சார்" என்று நீட்டியதும் மளமளவென்று பண்ணிவிட்டார். யோசித்து எழுதச் சொன்னால் மாதக்கணக்கில் இழுத்திருப்பார்.

நிறுத்தியதில் ஒன்று, வாரா வாரம் மூன்று அலுவலகங்களுக்கு அனுப்பிய ஒருங்கிணைந்த அறிக்கை. வெள்ளிக்கிழமை மதியம் முழுவதையும் அது ஒன்றே தின்னும். நிறுத்திய பிறகு அந்த மூன்றில் ஒரு இடத்திலிருந்தும் ஏன் வரவில்லை என்று ஒரு போன்கூட இல்லை. மறுபரிசீலனையில் அதைத் திரும்பத் தொடங்கச் சொன்னார்கள். யாருக்கு வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, அறிக்கையும் போகவில்லை.