ராமநாதபுரம் அரண்மனையில் ஒரு காலை

ராமேசுவரம் போகிறவர்கள் ராமநாதபுரத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். ஆனால் ஊருக்கு நடுவே இருக்கும் இராமலிங்க விலாசத்தைப் பார்க்க இறங்குகிறவர்கள் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதனால்தான் ஊரிலிருந்து வந்த சித்தப்பா, சித்தியை முதலில் அங்கே கூட்டிப் போனேன்.

போகலூரில் இருந்த தலைநகரை இங்கே மாற்றிய மன்னர் கிழவன் சேதுபதி கட்டிய மாளிகை இது. தூண்கள் நிறைந்த மண்டபம், அதைவிட உயரமாக அடுத்த மண்டபம், அதற்கும் உள்ளே ஓர் அறை என்று கோயிலுக்குள் நடப்பது போலவே இருக்கும்.

பார்க்க வேண்டியது சுவர்களைத்தான். முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள், 1720க்கு முன்பின் வரைந்தவை. இராமாயணமும் பாகவதமும் ஒருபுறம் என்றால், மன்னரின் சொந்தக் கதை இன்னொரு புறம். ராஜராஜேஸ்வரி அம்மன் அவருக்குச் செங்கோல் தருகிறாள். தஞ்சை மராட்டியரோடு போர் நடக்கிறது. மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு ரத்தினங்களால் அபிஷேகம் செய்கிறார். சிவப்பும் மஞ்சளும் இன்னும் மங்கிவிடவில்லை.

ஓரிடத்தில் தொப்பியும் கோட்டுமாகச் சிலர். "இவங்க யாருப்பா?" என்றார் சித்தி. சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள். அந்தப் படத்தின் முன்னால்தான் நான் எப்போதும் அதிக நேரம் நிற்பேன். ஏனென்றால் 1795இல் முத்துராமலிங்க சேதுபதியை ஆங்கிலேயக் கும்பினி சிறைப்பிடித்தது. மூன்றே வருடத்தில், 1798 செப்டம்பரில், இதே இராமலிங்க விலாசத்தில் கலெக்டர் ஜாக்சன் முன்னால் கட்டபொம்மன் விசாரணைக்கு நின்றார். மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். வெளியேறும்போது மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் செத்தான். வெள்ளைக்காரன் பார்க்க வந்து நின்ற சபை, எண்பது வருடத்துக்குள் அவன் நம்மவரை விசாரிக்கும் இடமாகிவிட்டது. ஓவியத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தால் மனசு கொதிக்கிறது.

அருங்காட்சியகத்தில் வாள், ஈட்டிகளோடு வளரி என்ற வளைந்த எறி ஆயுதமும் இருக்கிறது. சித்தப்பா அதை விட்டு நகரவே இல்லை.

மேல்மாடியையும் விடாதீர்கள். அப்புறம் நேரம் இருந்தால் கீழக்கரைக்குப் பஸ் ஏறுங்கள். கிழவன் சேதுபதிக்கு உற்ற துணையாக இருந்த, 'செத்தும் கொடுத்த' சீதக்காதி அடங்கியிருக்கும் ஊர் அது. நாங்கள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அங்கேதான் கிளம்பினோம்.