சுரங்க ஊரில் கார்டென் சிலை நிறுத்துவது: பட்டறையிலிருந்து பீடம் வரை

வடகிழக்கு இங்கிலாந்தின் பழைய நிலக்கரி ஊர்களில் நினைவுச் சிலை என்றாலே பேச்சு கார்டென் ஸ்டீலில்தான், அதாவது தன் துருவையே மேல்தோலாக்கிக்கொள்ளும் எஃகில்தான், தொடங்குகிறது. கேட்ஸ்ஹெட்டில் 1998-இல் எழுந்த சிற்பி ஆண்டனி கோர்ம்லியின் ‘ஏஞ்சல் ஆஃப் த நார்த்’ சிலை அப்படி: 20 மீட்டர் உயரம், 54 மீட்டர் இறக்கை விரிவு, 200 டன். பெயின்ட் தேவையில்லை, துருவே கவசம் என்பார்கள். பாதி உண்மை. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்துதான் அந்தத் துரு இறுகும். ஈரம் தங்கினால் சாதாரண இரும்பைப் போலவே அரித்துக்கொண்டு போகும்.

வேலை மண்ணில் தொடங்குகிறது. பழைய சுரங்க வரைபடம் கைக்கு வராமல் குழி வெட்டக் கூடாது. ஏஞ்சலுக்கே அடியிலிருந்த சுரங்க வெற்றிடங்களைக் கிரௌட் (நீர்க்கச் சிமென்ட் கலவை) ஊற்றி அடைத்து, பைல்களை (அடித்தளத் தூண்களை) 20 மீட்டர் ஆழத்துப் பாறை வரை இறக்கினார்கள். ஆளுயரச் சிலைக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் தட்டையான உருவம் காற்றைப் பாய்மரம்போல வாங்கும். எடை இருக்கிறதே என்று நம்பாமல் காற்றுக் கணக்கைப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அதிகத் தொல்லை தருவது பெயர்ப் பலகைதான். விபத்தில் இறந்த தொழிலாளர் பெயர்களைத் தகட்டில் லேசரால் வெட்டும்போது O, A, R போன்ற எழுத்துகளின் நடுத்துண்டு கழன்று விழும். ஒவ்வொன்றுக்கும் சிறு பாலம் விட வேண்டும். எழுத்துக்கோட்டின் அகலம் தகட்டின் தடிமனுக்குக் குறையவே கூடாது: 6 மி.மீ. தகட்டில் 4 மி.மீ. கோடு போடாதீர்கள். பெயர்களைக் குடும்பத்தாரிடம் அச்சில் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே வெட்டக் கொடுங்கள். ஒரே குடும்பப் பெயரை ஒரே தெருவில் இரண்டு விதமாக எழுதுவார்கள்.

வெல்டிங்குக்கு நிக்கல் கலந்த கம்பி கேளுங்கள். சாதாரணக் கம்பி போட்டால் வெல்டிங் தையல் மட்டும் வேறு நிறத்தில் தெரியும். இரண்டு தகடுகளை முதுகோடு முதுகாக வைத்து அங்கங்கே டேக் (புள்ளி வெல்டிங்) அடித்து விடுவது பெரிய தப்பு. இடுக்கில் நீர் ஏறி, துரு பருத்து, தகட்டையே பிளந்து வளைக்கும். சுற்றிலும் முழுத் தையல் போடுங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் அடியில் வடிகால் துளை விடுங்கள். பிறகு ஆலையில் தகடு உருட்டும்போது படியும் கருந்தோல் போகும்வரை முழுதாகப் பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக வீசித் தேய்ப்பது). இல்லாவிட்டால் துரு திட்டுத்திட்டாக வரும். எண்ணெய்க் கைரேகையும் கிரேயான் குறியும் மாதக்கணக்கில் தெரியும்.

பீடத்தில் ஊற்றும்போது போல்ட்டுகளைக் கான்கிரீட் தள்ளிவிடும். பேஸ் பிளேட்டின் (சிலையின் அடித்தகட்டின்) துளை அளவிலேயே ஒரு டெம்ப்ளேட் தகடு செய்து, மேலும் கீழும் நட் போட்டு இறுக்கிய பிறகே ஊற்றுங்கள். M24 (24 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு பேஸ் பிளேட்டில் 30 மி.மீ. துளை. கால்வனைஸ் போல்ட் வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு முதலில் தின்னப்படும். கிரௌட்டின் விளிம்பு வெளிப்பக்கம் சரியட்டும். பேஸ் பிளேட் தரைக்கு மேலே நிற்கட்டும். தோட்டக்காரர் மண்ணும் புல்லும் அணைத்தால் அரிப்பு அங்கேதான் தொடங்கும்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பழுப்பு நீர் ஒழுகும். சுற்றி வெளிர்க் கல் பதித்தால் கறை போகாது, கருஞ்சரளை போதும். கிராஃபிட்டியைத் தண்ணீர் ஜெட்டால் அடிக்க வேண்டாம் என்று பராமரிப்புக் குறிப்பில் எழுதிக் கொடுங்கள். கிறுக்கலோடு துருத்தோலும் போய், அந்த இடம் மட்டும் செம்மஞ்சளாக நிற்கும்.