கல்லை அடைகாத்த பென்குவின்கள்

பாடம் நடத்தும் படக்கதைகள் எனக்கு ஆகாது. இரண்டு அம்மாக்களோ இரண்டு அப்பாக்களோ உள்ள குடும்பங்களைப் பற்றிய படப்புத்தகங்களில் நான் பார்த்தவை பலவும் அந்த வகைதான். "இவர்களும் நம்மைப் போலத்தான், தெரிகிறதா?" என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும். என் மகள் பாதியிலேயே எழுந்து விளையாடப் போய்விடுவாள்.

2005இல் வெளிவந்த 'அண்ட் டாங்கோ மேக்ஸ் த்ரீ' அவளை உட்கார வைத்தது. நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சிசாலையில் உண்மையாகவே வாழ்ந்த ராய், சைலோ என்ற இரண்டு ஆண் பென்குவின்களின் கதை. மற்ற ஜோடிகளைப் பார்த்து இவையும் கூடு கட்டுகின்றன. முட்டைக்கு எங்கே போவது? முட்டை போலிருந்த ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்து, முறைபோட்டு அடைகாக்கின்றன. கல் எங்கேயாவது பொரியுமா? "அது கல் என்று யாராவது சொல்லக் கூடாதாம்மா?" என்று மகள் தவித்துப் போனாள். பிறகு, இரண்டு முட்டைகளைப் பராமரிக்க முடியாத வேறொரு ஜோடியிடமிருந்து ஒன்றை எடுத்துவந்து பராமரிப்பாளர் இவற்றின் கூட்டில் வைக்கிறார். டாங்கோ பிறக்கிறாள்.

இந்தப் புத்தகத்தைத்தான் 2014 ஜூலையில், புகார் ஒன்று வந்ததையடுத்து, எங்கள் சிங்கப்பூர் நூலகங்களிலிருந்து எடுத்துக் கூழாக்க முடிவு செய்தார்கள். கூடவே இன்னும் இரண்டு. அவற்றில் ஒன்று, சீனாவிலிருந்து குழந்தைகளைத் தத்தெடுக்கும் குடும்பங்களின் கதை. அக்குடும்பங்களில் ஒன்றில் இரண்டு பெண்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஏறத்தாழ 400 பேர் கூடி, தரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு இவற்றை வாசித்துக் காட்டினார்கள். நாங்களும் போயிருந்தோம். எதிர்ப்பு வலுத்ததும் அமைச்சர் தலையிட்டு இரண்டைக் காப்பாற்றினார். மூன்றாவது அதற்குள் கூழாகிவிட்டிருந்தது.

காப்பாற்றிய விதம்தான் வேடிக்கை. இரண்டும் பெரியவர்கள் பகுதிக்குப் போயின! எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதுக்கான புத்தகத்தை முதலீட்டு ஆலோசனை நூல்கள் இருக்கும் பக்கம் வந்து எந்தப் பிள்ளை தேடும்?

என் நாத்தனார் எல்லாவற்றையும் இணையத்தில் தேடிப் பார்ப்பவள். "அண்ணி, அந்த ஜோடி பிரிந்துவிட்டது தெரியுமா? சைலோ ஒரு பெண் பென்குவினோடு சேர்ந்துவிட்டது" என்றாள் வெற்றிக் களிப்போடு. உண்மைதான். "நம் சொந்தத்தில் பிரிந்தவர்களின் கல்யாண ஆல்பத்தை யாரும் கூழாக்கவில்லையே" என்றேன். சிரித்துவிட்டாள். ஆனாலும் தன் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. அவள் பிள்ளைகள், அவள் வீடு. புகார் எழுதியவருக்கும் அவ்வளவு உரிமைதான் இருந்தது.